ரோட்டோர மெயில்பாக்ஸ்: எதை வாங்கலாம், எப்படி நடலாம்

அமெரிக்காவில் தனி வீடு வாங்கியவர்கள் சீக்கிரமே செய்ய நேரும் வேலைகளில் ஒன்று, தெருவோரம் சாய்ந்து நிற்கும் மெயில்பாக்ஸை மாற்றுவது. கடையில் போய் நின்றால் இருபது முப்பது டாலர் தகரப் பெட்டி முதல், அதைப் போல் பல மடங்கு விலையுள்ள பூட்டுப் பெட்டி வரை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கனமாக ஒலித்தால் நல்ல பெட்டி, கம்பம் ஆடாமல் நின்றால் நல்ல கம்பம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெட்டியைப் பொறுத்தவரை இது பாதி சரி. கம்பத்தைப் பொறுத்தவரை முழுத் தப்பு. மழை, காற்று, தபால்காரர் கை ஆகிய மூன்றையும் கம்பம் தாங்க வேண்டும். கார் வந்து மோதினால் தாங்கக் கூடாது, முறிந்துவிட வேண்டும். சந்தையில் உள்ள எல்லா வகைகளையும் இந்த ஒரு அளவுகோலால்தான் இங்கே எடை போட்டிருக்கிறோம்.

முதலில் சாதாரண ஸ்டீல் பெட்டி. மேலே வளைந்து சுரங்கம் போல இருக்கும் அந்த வடிவம் 1915-இல் அஞ்சல் துறைப் பொறியாளர் ராய் ஜோரோல்மன் வரைந்தது. நூறு வருடம் கழித்தும் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை: மழை மேலே நிற்காது, பனி வழிந்துவிடும், வளைந்த தகடு மெல்லியதானாலும் விறைப்பாக நிற்கும். கிப்ரால்ட்டர் போன்ற கம்பெனிகளின் கால்வனைஸ்டு தகட்டில் பவுடர் பூச்சு போட்ட நடுத்தர அளவுப் பெட்டியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். வாங்குமுன் முன்பக்கத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: ‘யு.எஸ். மெயில்’ என்ற எழுத்து, போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் ஒப்புதல் பெற்றது என்ற வரி. இவை இருந்தால் பெட்டி அஞ்சல் துறையின் 7சி தர விதிக்குள் வருகிறது என்று பொருள். 18½ அங்குல நீளம், 5 அங்குல அகலம், 6 அங்குல உயரம் உள்ள ஒரு சோதனைக் கட்டை எங்கும் இடிக்காமல் உள்ளே போய் வர வேண்டும் என்பது அந்த விதியில் ஒன்று. நீங்களே மரத்தில் பெட்டி செய்வதாக இருந்தால் வரைபடத்தையோ முடித்த பெட்டியையோ உள்ளூர் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். முதலிலேயே காட்டிவிட்டால் பிறகு பிரித்துக் கட்டும் வேலை மிச்சம்.

கடையிலேயே கதவைப் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். திறக்கவோ மூடவோ 5 பவுண்டுக்கு மேல் இழுவிசை கேட்கக் கூடாது. தபால்காரர் வண்டியில் உட்கார்ந்தபடி ஒரே கையால், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கதவுகளைத் திறப்பவர். கதவு மேலே ஒரு நாக்கு, அதை உரசிப் பிடிக்கும் இன்னொரு நாக்கு என்று இருக்கும் பழைய அமைப்பு, வளைந்துபோனால் கையாலேயே நிமிர்த்திவிடலாம். காந்தம் வைத்த கதவு புதிதில் சொகுசாக இருக்கும். ஆனால் காந்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கூடு உடைந்தால் ஒட்டுப்போட வழியில்லை, மழைக்காற்றில் கதவு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கொடியையும் ஆட்டிப் பாருங்கள். கதவைப் பார்த்து நின்றால் அது வலப்பக்கம் இருக்க வேண்டும், மடக்க 2 பவுண்டுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. அதே சமயம் தொளதொளவென்றும் இருக்கக் கூடாது: காற்றில் தானாக எழும்பிய கொடியைப் பார்த்து, அனுப்பக் கடிதம் இருக்கிறது என்று தபால்காரர் வண்டியை நிறுத்துவார்.

‘பெரியது’ என்ற அளவைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். சிறு பார்சல் அடிக்கடி வரும் வீட்டுக்கு அது சரி. மற்றவர்களுக்கு அகலமான பெட்டி என்பது காற்றுக்கு விரித்த பாய். கம்பத்தின் இணைப்பு தளர்வதற்கு முக்கியக் காரணமே பெட்டியின் பக்கவாட்டு ஆட்டம்தான்.

பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்டெப்2 மெயில்மாஸ்டர் மாதிரி, 4×4 மரக்கம்பத்தின் மேல் உறையாக இறங்கும் வகை பிரபலம். துரு கிடையாது, பூச்சு உரியாது, வேலை அரை மணி நேரத்தில் முடியும். 4×4 என்று விற்கப்படும் கட்டையின் உண்மையான அளவு 3½ அங்குலம்தான், உறையும் அதற்கே செய்யப்பட்டது. ஆகவே ஊறிப் பருத்த பழைய கம்பத்திலோ, ரம்பத்தில் அறுத்தபடியே விட்ட சொரசொரப்பான கட்டையிலோ அது இறங்காது. சுத்தியலால் அடித்து இறக்கினால் மூலை வெடிக்கும். இறங்கியதும் பக்கவாட்டு ஸ்க்ரூக்களைத் தவறாமல் முடுக்குங்கள். பிளாஸ்டிக்தானே, லேசுதானே என்று ஸ்க்ரூவை விட்டுவிடுகிறவர்கள் பலர். மோதலில் கம்பத்திலிருந்து கழன்று பறப்பது அப்படிப்பட்ட பெட்டிதான். வெயிலில் நிறம் வெளுப்பது, கடுங்குளிரில் கொடியின் காம்பு ஒடிவது, கதவு சற்றே நெளிந்து சரியாக மூடாமல் போவது ஆகியவை இந்த வகையின் குறைகள். பாலைவன வெயில் அடிக்கும் ஊர்களில் ஸ்டீலே மேல்.

பூட்டுப் பெட்டி வாங்குவோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. செக், கிரெடிட் கார்டு திருட்டுக்கு அது நேரடியான பதில்தான். விதி இரண்டு: கடிதம் போடும் வாய் குறைந்தது 1¾ அங்குல உயரமும் 10 அங்குல அகலமும் இருக்க வேண்டும், தபால்காரர் உங்கள் சாவியை வாங்கிக்கொள்ளவும் மாட்டார், பூட்டைத் திறக்கவும் மாட்டார். ஆகவே வாய்க்குள் கையை விட்டால் கடிதம் எட்டுகிறதா என்பதைக் கடையிலேயே சோதியுங்கள். எட்டினால் பூட்டுக்குக் கொடுத்த காசு வீண். உள்ளே தடுப்புத் தகடோ, இழுத்துத் தள்ளும் தொட்டியோ உள்ள மெயில் பாஸ் போன்ற தடித்த ஸ்டீல் பெட்டிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றுக்கு வேறொரு குறை உண்டு: எடை. தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், சிறிய காரின் பானெட்டுக்கும் மேலே, ஒரு கனத்த இரும்புப் பெட்டி நிற்கிறது. வேகமான கவுண்டி ரோட்டில் வைப்பதாக இருந்தால் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். 25 மைல் வேகக் குடியிருப்புத் தெருவில் வைக்கலாம். அங்கும் மரக்கம்பத்தின் மேல், ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் அகல வாஷரும் போட்டு மட்டுமே.

கார் மோதும்போது நடப்பது இதுதான். பம்பர் கம்பத்தை அடியில் அடிக்கிறது. கம்பம் தரை மட்டத்தில் ஒடிகிறது. மேல்பாதி காரை நோக்கிச் சுழல்கிறது. பெட்டி கம்பத்தோடு இறுகப் பிணைந்திருந்தால் இரண்டும் ஒரே துண்டாக உருண்டு போகும். மூன்று சின்ன ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தால் பெட்டி தனியே கழன்று நேராக முன்கண்ணாடிக்கு வரும். பல பெட்டிகளை ஒரே நீளப் பலகையில் வரிசையாக அடித்து, இரண்டு கம்பத்தில் நிறுத்துகிற பழைய வழக்கம் இதைவிட மோசம். கண்ணாடி மட்டத்தில் படுக்கைவாட்டில் நிற்கும் அந்தப் பலகை ஓர் ஈட்டி. நெடுஞ்சாலைத் துறைகளின் கூட்டமைப்பான ஆஷ்டோ தன் வழிகாட்டியில் இதைத் தனியாகக் கண்டிப்பதன் காரணம் இதுவே. மோதிச் சோதித்து நிரூபித்த தாங்கியாக இல்லாவிட்டால் ஒரு கம்பத்தில் இரண்டு பெட்டிக்கு மேல் கூடாது. பக்கத்துப் பக்கத்தில் கம்பங்கள் நட்டால், தரைக்கு மேல் உள்ள உயரத்தில் முக்கால் பங்காவது இடைவெளி விட வேண்டும். ஒரு கம்பம் சாய்ந்து அடுத்ததைத் தொட்டுவிடாமல், கார் ஒவ்வொன்றாகச் சந்திப்பதற்கான இடைவெளி அது.

கம்பத்துக்கு ஏற்றவை என்று அஞ்சல் துறை சொல்வது இரண்டே: 4×4 அங்குல மரம், அல்லது 2 அங்குல விட்டமுள்ள சாதாரண ஸ்டீல் அல்லது அலுமினியக் குழாய். இரண்டையும் 24 அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. கனத்த இரும்புக் குழாய், கான்கிரீட் தூண், கான்கிரீட் நிரப்பிய பால் கேன் போன்ற பண்ணைச் சாமான் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. பெட்டியின் வடிவத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் அஞ்சல் துறை, கம்பத்தில் தபால்காரரின் பாதுகாப்பு, வசதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மீதியை மாநில, கவுண்டி சாலைத் துறைதான் முடிவு செய்யும். இந்த இடைவெளியில்தான் செங்கல் தூண் பெட்டி தழைக்கிறது. பார்க்க அழகு, வீட்டின் முகப்போடு ஒத்துப்போகும், எச்.ஓ.ஏ. என்கிற வீட்டு உரிமையாளர் சங்கக் கமிட்டிக்கும் பிடிக்கும். மோதுகிறவருக்கு அது சுவர். வேக ரோட்டுக்கு இதற்கு மதிப்பெண் பூஜ்யம். மாநில நெடுஞ்சாலையோரம் கட்டியிருந்தால், சாலைத் துறை உங்கள் செலவிலேயே இடிக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பவும் கூடும்.

‘பையன்கள் பேஸ்பால் மட்டையால் அடித்து நொறுக்குகிறார்கள், அதனால் உடையாத கம்பம் வேண்டும்’ என்பவர்கள் ஓஹாயோ வழக்கு ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மாற்றி மாற்றிச் சலித்த ஒரு வீட்டுக்காரர் 8 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாயை 36 அங்குல ஆழத்தில் நட்டார். 2016 டிசம்பரில் உறைபனியில் சறுக்கிய வண்டி ஒன்று அதில் மோதி உருண்டது. ஓட்டியவரின் கை கால்கள் செயலிழந்துவிட்டன. அந்தத் தபால் பெட்டி சாலையில் வண்டிகள் ஓடும் பகுதிக்கு வெளியே இருந்ததால் வீட்டுக்காரர் மேல் பொறுப்பில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்தது. இது ஓஹாயோவின் தீர்ப்பு, மற்ற மாநிலத்துக்குச் செல்லாது. மட்டைக்காரர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது: பெட்டியை உடைப்பது ஃபெடரல் குற்றம், மூன்று வருடம் வரை சிறை. இருபது டாலர் பெட்டியை அவ்வப்போது மாற்றிக்கொள்வதே இதில் மலிவான வழி.

இனி நடும் வேலை. அட்டைப்பெட்டியில் வரும் கம்பக் கிட்களில் பாதிப் பிரச்சினை அதன் கையேட்டில் இருக்கிறது: ‘ஒரு மூட்டை கான்கிரீட் ஊற்றவும்’. மோதல் சோதனையில் தேறிய அமைப்பாக இல்லாவிட்டால் கான்கிரீட்டில் பதிக்கக் கூடாது என்பது ஆஷ்டோவின் கருத்து. ஸ்டீல் குழாயைக் கான்கிரீட்டில் பதித்தால் அது வளைந்து கொடுக்காமல் காரை நிறுத்திவிடும். மரத்துக்கும் அது நல்லதல்ல: மரம் காய்ந்து சுருங்கியதும் கான்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சந்து விழும், மழைநீர் அதில் கிண்ணத்தில் நிற்பது போல நிற்கும், தரை மட்டத்தில் கம்பம் அழுகும். மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கேக் மாதிரி இறங்கும்.

மண்வெட்டி எடுப்பதற்குச் சில நாள் முன்பே, நிலத்தடிக் குழாய்களும் கம்பிகளும் இருக்கும் இடத்தைக் குறித்துத் தரும் சேவையான 811-ஐ அழையுங்கள். இலவசம். தெருவோரம்தான் கேஸ், கேபிள், தண்ணீர்க் குழாய் எல்லாம் ஓடுகின்றன. வந்து வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள்.

அளவில் எல்லோரும் சறுக்கும் இடம் உயரம். பெட்டியின் அடிப்பாகம் சாலைப் பரப்பிலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். சாலைப் பரப்பிலிருந்து, புல்தரையிலிருந்து அல்ல. கர்ப் (சாலையோரக் கல் வரம்பு) 6 அங்குலம் என்றால் புல்தரை அதற்குச் சமமாக மேலே இருக்கும். அங்கே டேப்பை ஊன்றி 43 அளந்தால் பெட்டி 49-இல் போய் நிற்கும். நேரான ஒரு பலகையைக் கம்பத்திலிருந்து ரோட்டின் மேல் நீட்டி, ரசமட்டம் வைத்து, அதன் அடியிலிருந்து ரோடு வரை அளப்பதே சரி. பெட்டி கம்பத்தின் தலையிலேயே உட்காருவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 43 அங்குலம். அடிப்பலகை ¾ அங்குலம். ஆகக் கம்பத்தின் தலை ரோட்டிலிருந்து 42¼. புல்தரை 6 அங்குலம் மேலே இருப்பதால் வெளியே தெரிவது 36¼, மண்ணுக்குள் 24. மொத்தம் 60¼ அங்குலம். 8 அடிக் கம்பம் வாங்கி முழுதும் புதைக்கும் ஆசையை விடுங்கள், அறுத்துவிடுங்கள். அறுத்த முனை மேலே வரட்டும். ஆலையில் அழுகலைத் தடுக்கும் மருந்து ஏறிய முனை மண்ணுக்குள் போக வேண்டும்.

தூரம் கதவிலிருந்து கர்ப்பின் முகம் வரை 6 முதல் 8 அங்குலம். கம்பத்திலிருந்து அல்ல. 20 அங்குல நீளப் பெட்டியின் நடுவில் கம்பம் வருவதாக இருந்தால், கதவு 7 அங்குலத்தில், கம்பத்தின் மையம் 17 அங்குலத்தில். குழி தோண்டுமுன் பெட்டியைப் பலகையோடு தரையில் படுக்க வைத்துப் பார்த்தால் தவறு வராது. கர்ப் இல்லாத ரோட்டில் இந்தக் கணக்குச் செல்லாது, போஸ்ட்மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். பெட்டி, தபால் வண்டி போகும் திசைக்கு வலப்புறம் அமைய வேண்டும்.

குழி 8 முதல் 10 அங்குல அகலம், 28 அங்குல ஆழம். அடியில் 4 அங்குலச் சரளை, அதன் மேல் கம்பம். தோண்டிய மண்ணையே 4 அங்குலம் போட்டு இடி, மறுபடி 4 அங்குலம் போட்டு இடி என்று ஏற்ற வேண்டும். கடப்பாரையின் மொட்டை முனை போதும். ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு பக்கமும் ரசமட்டம் வையுங்கள். ஒரே தடவையில் மண்ணைக் கொட்டி மேலே காலால் மிதிப்பவர்களின் கம்பம்தான் அடுத்த மழைக்குச் சாய்கிறது. கடைசியில் கம்பத்தைச் சுற்றி மண்ணைச் சிறு மேடாக்கி வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். வட மாநிலங்களில் உறைபனிக்கோடு, அதாவது குளிரில் மண் உறையும் ஆழம், 24 அங்குலத்தைவிட அதிகம், ஆகவே ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண் கம்பத்தைக் கொஞ்சம் தூக்கும். வசந்தத்தில் உயரத்தை ஒரு தடவை அளந்து பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை. குழாய்க் கம்பத்துக்கு வேறு நோய்: உருண்டை என்பதால் காற்றில் திரும்பிக்கொள்ளும். திருகலைத் தடுக்கும் தகடு வைக்கலாம், அது தரைக்குக் கீழே 10 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

மண்ணில் அடித்து இறக்கும் ஆணி மாதிரியான இரும்புத் தாங்கிகள் தோண்டும் வேலையை மிச்சப்படுத்தும். கெட்டிக் களிமண்ணில் பரவாயில்லை. மணலிலும் கல் நிறைந்த மண்ணிலும் நேராக இறங்காது, ஆடத் தொடங்கினால் இறுக்கவும் முடியாது.

இப்போது இணைப்பு. தகரப் பெட்டியின் அடியில் இருபுறமும் கீழே நீளும் விளிம்பில் துளைகள் இருக்கும். அந்த இரண்டு விளிம்புக்கும் நடுவே பொருந்தும்படி மருந்து ஏற்றிய ¾ அங்குலப் பலகையை அறுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கதவுக் கீலைவிட ஓர் அங்குலம் உள்ளடங்கி நிற்க வேண்டும். பலகை விளிம்புவரை நீண்டால் கதவு கீழே விழும்போது அதில் இடித்து, பாதியில் நிற்கும். தபால்காரர் அழுத்துவார், கீல் வளையும், அதோடு கதவு சரியாக மூடாது. ‘பெட்டி மட்டம், மூன்றே மாதத்தில் கதவு போய்விட்டது’ என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு மூலம் இந்த ஓர் அங்குலம்தான். பலகையைக் கம்பத்தின் இருபுறமும் தாங்குகட்டை வைத்து ⅜ அங்குல போல்ட்டால் கோர்க்கவும். பெட்டியைப் பலகையோடு ஒரு பக்கத்துக்கு மூன்று ஸ்க்ரூ வீதமாவது பிணைக்கவும். முதலில் மெல்லிய துளை போடாவிட்டால் முக்கால் அங்குலப் பலகை விளிம்பில் பிளக்கும். தலைக்கு அடியில் வாஷர் போடாவிட்டால் மெல்லிய தகடு ஸ்க்ரூத் தலையைச் சுற்றிக் கிழியும்.

ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் சூடான துத்தநாகத்தில் தோய்த்த கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ். மருந்து ஏற்றிய மரத்தில் இருப்பது தாமிரம், அது சாதாரண ஸ்க்ரூவைத் தின்றுவிடும். அலுமினியப் பெட்டியையும் விடாது, நடுவே ஒரு துண்டு கூரைத் தாள் வைத்தால் போதும்.

பனி மாநிலக்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. அங்கே பெட்டிகளைச் சாய்ப்பது பெரும்பாலும் பனி ஒதுக்கும் வண்டியின் கத்தியல்ல, அது வீசியெறியும் ஈரப்பனியின் எடை. கத்தி நேரடியாகப் பட்டால் மட்டுமே ஈடு என்று கைவிரிக்கும் ஊர்கள் நிறைய. மினசோட்டாவில் பரவலாக உள்ள ஸ்விங் கம்பம் இதற்கு நல்ல விடை: கம்பம் ரோட்டைவிட்டு உள்வாங்கி நிற்கும், நீண்ட கையின் நுனியில் பெட்டி, தள்ளினால் சுழன்று ஒதுங்கும். வாங்கும்போது சுழலும் இடத்தைப் பாருங்கள். கை சுழலும்போது சற்று மேலேறி, பிறகு தன் எடையாலேயே பழைய இடத்துக்கு இறங்கும்படி சரிவான பள்ளம் இருந்தால் நல்ல பொருள். வெறும் போல்ட் மட்டும் இருந்தால் காற்றுக்கெல்லாம் பெட்டி முதுகைக் காட்டும். வெளியே கடைகளில் கிடைக்கும் வகைகளில் எங்கள் முதல் இடம் இதற்குத்தான், விலை கூடினாலும்.

எண்கள் 1 அங்குல உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், ஒளி திருப்பும் ஸ்டிக்கரானால் ஆம்புலன்ஸுக்கும் உதவும். பெட்டி வேறொரு தெருவில் நின்றால் தெருப் பெயரையும் முழு முகவரியையும் எழுத வேண்டும். பேப்பர் போடும் குழலை அதே கம்பத்தில் மாட்டலாம், ஆனால் பெட்டியைத் தொடக் கூடாது, மூடிய கதவைத் தாண்டி முன்னே நீளக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் விருந்து அழைப்பை ஸ்டாம்ப் இல்லாமல் பெட்டிக்குள் போடுவதற்குச் சட்டம் இடம் தராது. கொடி உடைந்தால் தனியாகவே கிடைக்கும். சிவப்போ, பளிச்சென்ற ஆரஞ்சோ வாங்கலாம். பச்சை, பழுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் ஆகிய ஐந்துக்கும் அனுமதி இல்லை.